பள்ளி முடியும் ஆண்டில் தோழர்களைப் பற்றி எழுதியது

மொரிஷியஸில் பள்ளிப் படிப்பு, ஆரம்பப் பள்ளியில் 6 ஆண்டும் இடைநிலைப் பள்ளியில் 7 ஆண்டுமாகச் சென்று, அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடக்கும் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வோடு நிறைவு பெறுகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வரும் வினாத்தாள்களுக்கு விடை எழுதி முடித்த கையோடு வகுப்பு கலைந்துவிடும். அதன் பிறகு ஒருவர் பிரான்சுக்கும், ஒருவர் இந்தியாவுக்கும், ஒருவர் ரெதுயியில் இருக்கும் மொரிஷியஸ் பல்கலைக்கழகத்துக்கும், ஒருவர் நேரே வேலைக்கும் போய்விடுவதால், ஒரே பொட்டலத்து டால்பூரி என்ற பருப்பு ரொட்டியைப் பிய்த்துத் தின்று வளர்ந்தவர்கள் மறுபடியும் ஒரே அறையில் கூடுவது அரிது. அந்தப் பிரிவுக்கு முன்னால், எங்கள் தமிழ் வகுப்பில் இருந்த ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிப் பிரியாவிடை மலராகக் கட்டித் தரும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அந்த வேலையில் கற்றுக்கொண்டவை, இதே போன்ற மலர் தயாரிக்க நினைக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன். தோழர்களின் பெயர்களை இங்கே தரவில்லை. அவரவர் ஊரையும் பழக்கத்தையும் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

எச்.எஸ்.சி. வரை தமிழைத் தொடர்பவர்கள் எங்கள் தீவில் மிகச் சிலரே. ஆரம்பப் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். மேலே போகப் போக, கணக்கும் அறிவியலும் கணக்கியலும் அவர்களை இழுத்துக்கொள்கின்றன. எங்கள் வகுப்பில் தமிழை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களும் துணைப்பாடமாக எடுத்தவர்களும் கலந்தே இருந்தோம். அதனால் உயிரியல் படிப்பவளும் பொருளியல் படிப்பவனும் தமிழ்ப் பாடவேளையில் மட்டும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வார்கள். தீவின் பல மூலைகளிலிருந்து பேருந்தில் வருபவர்கள் நாங்கள். 2005 முதல் மாணவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம் என்பதால் தொலைவு எங்களுக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. வீட்டில் பேசுவது பிரெஞ்சின் வழி வந்த கிரியோல், தேர்வு எழுதுவது ஆங்கிலத்தில், செய்தித்தாள் படிப்பது பிரெஞ்சில், கோவிலில் கேட்பது தமிழ் என்று வளர்ந்த எங்களுக்கு, நண்பர்களைப் பற்றித் தமிழில் எழுதுவது என்பதே புதிய காரியமாக இருந்தது.

எங்கள் மிஸ் முதலில் பழைய மலர்களைப் படிக்கச் சொன்னார். படித்துப் பார்த்தால் எல்லாரும் அன்பானவர்களாக, கெட்டிக்காரர்களாக, சிரித்த முகமுடையவர்களாக இருந்தார்கள். எல்லாருடைய வருங்காலமும் ஒளிமயமாக இருந்தது. எழுதியவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் பெயரைக் கையால் மறைத்துவிட்டால் அந்தப் பத்தி யாருக்கும் பொருந்தியது. "பெயரை மறைத்தாலும் வகுப்பில் உள்ளவர்கள் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்படி எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று மிஸ் சொன்னதைத்தான் முழு மலருக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பக்கத்தையும் பெயரில்லாமல் நண்பர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். ஆள் யார் என்று அவர்கள் தயங்கினால், அந்தப் பக்கத்துக்கு இன்னும் வேலை பாக்கி என்று பொருள்.

அடுத்ததாகக் கேள்விகள். "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் எங்கள் தீவில் வரும் பதில்கள் நாலைந்துதான்: மருத்துவர், கணக்காளர், வழக்கறிஞர், பொறியாளர், ஆசிரியர். சின்ன வயதிலிருந்து அத்தைமாரும் மாமாமாரும் கேட்டுக் கேட்டு, கேட்பவரைத் திருப்திப்படுத்துவதற்கென்றே மனப்பாடமான பதில்கள் அவை. அதற்குப் பதிலாக, பள்ளி விட்டு வீட்டுக்குப் போன முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு யாரும் ஒத்திகை பார்த்து வைத்திருக்கவில்லை. அதனால் உண்மை வந்தது. கேட்டதெல்லாம் கிரியோலில், எழுதியது தமிழில். தமிழில் கேட்டிருந்தால் தேர்வு அறையில் நிற்பது போலப் பேசியிருப்பார்கள்.

தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து வந்தவனின் பக்கம் அப்படித்தான் பிறந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து அதிகம் பேசாதவன், பொருளியல் மாணவன், வங்கி வேலைக்குப் போவான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். வீட்டுக்குப் போனதும் மொட்டை மாடிக்கு ஏறி மழை எவ்வளவு பெய்தது என்று பார்ப்பேன் என்றான். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கழுத்தை வெட்டிக் கவிழ்த்துச் சொருகிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதன் பக்கத்தில் ஒட்டிய அளவுகோல், காற்றில் சாயாமல் இருக்க அடியில் கூழாங்கற்கள், பக்கத்தில் ஒரு நீளமான கணக்குப் புத்தகம். அதில் தேதி, மழை எத்தனை மில்லிமீட்டர், தெரு முனையில் உள்ள வடிகால் அன்று அடைத்திருந்ததா இல்லையா என்று மூன்று கட்டங்கள்.

2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் திடீரென்று பெய்த மழையில் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்ததை எங்கள் தீவில் யாரும் மறக்கவில்லை. அப்போது அவன் சின்னப் பிள்ளை. தந்தையின் கடைக்குள் தண்ணீர் ஏறியதும், மேசை மேல் தன்னை ஏற்றி நிறுத்தியதும் மட்டும் அவனுக்கு நினைவிருக்கின்றன. எங்கள் கடைசி ஆண்டு தொடங்கிய மாதத்திலேயே, 2024 ஜனவரி 15 அன்று, பெலால் புயல் வந்து அதே நகரத்துத் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எந்தத் தெரு வழியாகக் கடலுக்குப் போகிறது, எந்த இடத்தில் போக முடியாமல் நிற்கிறது என்பதைக் கண்டறிவதே தன் வேலையாக வேண்டும் என்றான். இத்தனை ஆண்டு பழகியும் இதை அவன் வாயிலிருந்து கேட்டது அன்றுதான்.

அங்கே இரண்டாவது கேள்வி எனக்குக் கிடைத்தது: இது நடக்க யார் சம்மதிக்க வேண்டும்? நம் வீடுகளில் பிள்ளையின் ஆசை பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. தந்தை, தாய், சில வீடுகளில் பெரியப்பா, பணம் அனுப்பும் அத்தை என்று பலர் அதில் பங்காளிகள். அவர்கள் பெயரைச் சொல்லாமல் ஒருவரின் எதிர்காலத்தை எழுதினால் பாதிதான் எழுதியதாகும். இவன் வீட்டில் தந்தைக்குத் தெரியாது. செலவைப் பற்றிய அச்சத்தால் இவன் வாயைத் திறக்கவே இல்லை. 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பதை இருவரும் சேர்ந்து அன்றுதான் ஒழுங்காகப் படித்துப் பார்த்தோம். பொருளியல் படித்தவன் நேரே பொறியியலுக்குப் போக முடியாது, கணக்கும் இயற்பியலும் வேண்டும் என்பதையும் அதே நாளில் தெரிந்துகொண்டோம். புவியியல், திட்டமிடல், சூழலியல் என்று வேறு வாயில்கள் வழியாகவும் அந்த வேலையை அடையலாம் என்று மிஸ் எடுத்துக் காட்டினார். ஆகவே ஒருவரின் ஆசையை எழுதும்போது, அதற்கு எத்தனை ஆண்டு படிக்க வேண்டும், எந்தப் பாடங்கள் தேவை, எவ்வளவு செலவு என்பதையும் உட்கார்ந்து கேட்டு எழுதுவது மிக நல்லது. எழுதுகிறவருக்கு அது ஒரு மணி நேர வேலை. எழுதப்படுகிறவருக்கு அதனால் ஓர் ஆண்டு மிச்சமாகலாம்.

தென்கிழக்குக் கடலோர ஊரான மாஹெபூர்க்காரியைப் பற்றி எழுதுவது எளிதாக இருந்தது, ஏனென்றால் அவளுடைய ஆசையை அவளுடைய தமிழ் நோட்டின் ஓரங்களிலேயே பார்க்கலாம். திருக்குறள் உரை எழுதிய பக்கங்களின் ஓரமெல்லாம் பறவைக் கால்கள். ஒவ்வொரு காலிலும் சின்னச் சின்ன வளையங்கள், சிவப்புக்கு மேல் மஞ்சள், நீலத்துக்குக் கீழ் வெள்ளை என்று வண்ணம் தீட்டியிருப்பாள். மொரிஷியஸில் மட்டுமே வாழும் இளஞ்சிவப்புப் புறாக்களுக்கு அப்படி வண்ண வளையம் மாட்டித்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் காட்டில் பத்து அளவுக்குக் குறைந்துபோன அந்தப் புறாக்கள் இன்று சில நூறாகப் பெருகியிருக்கின்றன. மாஹெபூருக்கு எதிரே, 26 ஹெக்டேர் பரப்புள்ள இல் ஓ எக்ரெத் என்ற குட்டித் தீவிலும் அவை வாழ்கின்றன. கரையில் நின்று அந்தத் தீவைப் பார்த்தே அவள் வளர்ந்தாள்.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் எங்கள் தென்கிழக்குக் கடலோரத்துப் பவளப்பாறையில் தட்டி நின்று, ஆகஸ்டில் அதிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, நாங்கள் கீழ் வகுப்புகளில் இருந்தோம். ஊரே கடற்கரையில் திரண்டு, காய்ந்த கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, நீண்ட உருளைகளாக்கிக் கடலில் தடுப்பாக மிதக்கவிட்டது. இவளும் தன் தாயோடு அமர்ந்து தைத்தாள். தோகை கிழித்த கீறல்கள் கையில் ஆறுவதற்கு நாளாயிற்று என்றும், அந்த வாடை துவைத்தும் போகவில்லை என்றும் சொன்னாள். அவள் பக்கத்தில் இவை இரண்டையும் சேர்த்தேன். "பறவைகளை நேசிப்பவள்" என்ற வரியை எழுதவே தேவைப்படவில்லை.

ரோஸ்ஹில் தோழியின் பக்கத்தைத்தான் மிகுந்த நேரம் எடுத்து எழுதினேன். அவள் வகுப்பில் முதலாவது. எல்லாரும் அவளை லோரியா ஆவாள் என்றே சொன்னார்கள். எச்.எஸ்.சி.யில் மிகச் சிறந்த மதிப்பெண் பெறும் சிலருக்கு அரசு உதவித்தொகை கிடைக்கும். அவர்களைத்தான் லோரியா என்கிறோம். முடிவு வரும் நாளில் அவர்களைத் தோள்மேல் தூக்கிக் கொண்டாடுவதும், நாளிதழ்கள் படம் போடுவதும் எங்கள் நாட்டின் வழக்கம். ஒரு சிலருக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றை மலரில் வாழ்த்தாக எழுதிவிட்டால், அது கிடைக்காத நாளில் அந்தப் பக்கமே அவளைக் குத்திக்காட்டும். இது மற்ற எல்லாப் பரிசுகளுக்கும் பொருந்தும். ஆகவே மதிப்பெண், உதவித்தொகை, முதலிடம் ஆகிய எதையும் யாருடைய பக்கத்திலும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். தேர்வு முடிவு எப்படி வந்தாலும் மாறாத ஒன்றைத் தேடிப் பிடித்து எழுத வேண்டும்.

அவளிடம் அது இருந்தது. பள்ளி விட்டுப் போனதும் அவள் முதலில் செய்வது, பாட்டியின் பாதங்களைப் பார்ப்பது. எங்கள் நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்து, முள் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகி, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க நேர்ந்த குடும்பங்கள் எங்கள் தெருக்களில் பல இருக்கின்றன. அவள் பாட்டிக்கும் ஒரு விரல் எடுக்கப்பட்டிருக்கிறது. நான் போயிருந்த அன்று, பாட்டி நாற்காலியில் அமர்ந்து காலை முக்காலியில் நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து, கைப்பையில் வைக்கும் சின்னக் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து, மறு கையில் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவி, இடுக்கில் ஈரம் நிற்காமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தாள். பாட்டி அந்த நேரமெல்லாம் என்னைப் பார்த்து, எங்கள் வீட்டில் என்ன சமைத்தோம் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். மருத்துவராகிப் பாத நோய்களுக்கென்றே தனியாகப் படிக்க வேண்டும் என்ற அவளது எண்ணத்தை, அந்தக் கண்ணாடியைப் பார்த்த பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இதை எழுதும் முன் பாட்டியிடம் அனுமதி கேட்டேன். இந்த ஒரு காரியத்தை எந்த மலரிலும் விட்டுவிடக் கூடாது. ஒருவரைப் பற்றிய பக்கத்தில் அவர் வீட்டாரின் நோயும் பணமும் சண்டையும் கலந்தே வரும்; எழுதப்படுகிறவர் சரி என்றாலும், அந்த வீட்டார் சரி என்றால்தான் அச்சுக்குப் போக வேண்டும். பாட்டி சம்மதித்தார், "என் காலை எழுது, அதைப் பார்த்து நாலு பேர் தங்கள் காலைப் பார்க்கட்டும்" என்றார். இன்னொரு தோழனோ, அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் காட்டியபோது, தன் தந்தையின் வேலை போனதைச் சொல்லும் வரியை எடுத்துவிடச் சொன்னான். அந்த வரிதான் அவன் பக்கத்துக்கு உயிர் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கேள்வி கேட்காமல் எடுத்துவிட்டேன். எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு நண்பன் தன் தந்தையின் முகத்தைப் பார்க்கக் கூசும் நிலை வரக் கூடாது.

குவாத்ர்போர்ன் தோழன் சமையல்காரன். கொர்-தெ-கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலில் தைப்பூசக் காவடிக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் கூடும்போது, அவனைக் காவடி எடுப்பவர்களிடையே தேடினால் கிடைக்க மாட்டான். அன்னதானம் சமைக்கும் இடத்தில் கிடைப்பான். வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது எங்கள் தீவுத் தமிழரின் வழக்கம். அதில் பலாக்காய் எப்போது வெந்தது என்பதைக் கரண்டியால் தொடாமல் வாசனையிலேயே சொல்லிவிடுவான் என்று பெரியவர்கள் வியப்பார்கள். வீட்டில் கணக்கியல் படிக்கச் சொன்னார்கள். அவனுக்கு எபெனில் உள்ள ஹோட்டல் பள்ளிக்குப் போக வேண்டும். அவன் பெற்றோர் சமையலைத் தாழ்வாக நினைத்தவர்கள் அல்லர். விடுமுறையும் ஞாயிறும் பண்டிகையும் இல்லாத வேலை அது என்று, தன் மகனுக்காகக் கவலைப்பட்டார் அவன் தாய். அந்தக் கவலையையும் அப்படியே எழுதினேன். பெற்றோரைத் தடையாகக் காட்டி எழுதுவது எளிது. ஆனால் அது பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை, வீட்டில் பேச்சு தொடங்கவும் உதவாது.

தெற்கே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்து வந்த ஒருவன், "எனக்கு ஒன்றும் ஆக வேண்டும் என்று இல்லை, என்னை விட்டுவிடு" என்றான். விடச் சொன்னபடியே விட்டுவிடலாம் என்று சிலர் கூறினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசையைச் சொல்ல முடியாதவர்களையும் சேர்த்துத்தான் வகுப்பு. தேர்வுக் காலம்தான் எங்கள் நாட்டில் கரும்பு அறுவடைக் காலமும். அவன் மாமாவின் நிலத்தில் வெட்டும் வேலை நடக்கும்போது காலையில் அங்கே போய்விட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கு வருவான். எந்த நண்பனின் மோட்டார் சைக்கிள் நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். சாலையோரத்தில் குந்தி, சத்தத்தைக் கேட்டே பழுது எங்கே என்று சொல்லிவிடுவான், காசு வாங்க மாட்டான். அவன் பக்கத்தில் வருங்காலம் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. அவன் இன்று யார் என்பதை மட்டும் எழுதினேன். திட்டம் இல்லாதவருக்கு நாமாக ஒரு திட்டம் கற்பித்து எழுதுவது மரியாதை இல்லை. படித்துவிட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தன் தாய்க்கென்று இன்னொரு பிரதி கேட்டான்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு போகவிருந்தவள், தன் ஆசை போவதல்ல, திரும்பி வருவது என்று எழுதச் சொன்னாள். தமிழாசிரியையாக விரும்பிய இன்னொருத்தி, மோக்காவில் 1970-இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படிக்கப் போவதாகச் சொன்னாள். அங்கேதான் நானும் இப்போது படிக்கிறேன் என்பதால், வகுப்பில் எனக்கு மிச்சமான ஒரே தோழி அவள்.

மலரைக் கையில் கொடுத்ததோடு நிறுத்தாமல், பிரியாவிடை நாளில் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த ஆளே படிக்காமல் வேறொருவர் வாய்விட்டுப் படிப்பது என்று ஏற்பாடு செய்தோம். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாத பெற்றோர் பலர் வந்திருந்தார்கள். கடினமான இடங்களை மிஸ் கிரியோலில் விளக்கினார். மழை அளப்பவனின் தந்தை கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு, கூட்டம் முடிந்ததும் மகனிடம் அந்தக் கணக்குப் புத்தகத்தை வீட்டுக்குப் போனதும் காட்டச் சொன்னார். தந்தையும் மகனும் அதற்குப் பின் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது அவன் ரெதுயி பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்.

எல்லாருடைய ஆசையும் எழுதியபடி நடக்கவில்லை. ரோஸ்ஹில் தோழி லோரியா ஆகவில்லை. தன் பக்கத்தைக் கிழிக்கவும் இல்லை. மருத்துவத்துக்கு இடம் தேடும் இந்த இடைவெளியில் இங்கேயே செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மலரை இணையத்தில் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டபோது, எல்லாரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்காமல் போடுவதில்லை என்று சொல்லிவிட்டோம். பதினெட்டு வயதில் சொன்ன ஆசையை இருபத்தெட்டு வயதில் முன்பின் தெரியாத ஒருவர் தேடி எடுத்துப் படிக்கலாமா என்பதை, அதைச் சொன்னவரே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த ஆண்டு மாணவர்கள் தங்கள் மலருக்காக ஆலோசனை கேட்டு வந்தபோது, மே மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள் என்றேன். பள்ளியின் மாதிரித் தேர்வுகள் நெருங்கிவிட்டால் யாருக்கும் நிதானமாகப் பேச நேரமிராது, வீடு வரை போய்ப் பார்க்கவும் முடியாது. ஒரே ஆள் எல்லாரைப் பற்றியும் எழுதாமல் இரண்டு மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளவும் சொன்னேன். எழுதியவரைப் பற்றிய பக்கத்தை வேறு யாராவது எழுத வேண்டும் அல்லவா? எங்கள் மலரில் என் பக்கத்தை மாஹெபூர்க்காரி எழுதினாள்.